எழுவாய் எங்கே?

மூன்று நாளாக மழை விடாத ஒரு காட்டில், ஆற்றோர நாணல் புதரில் ஒரு முயல் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. அதற்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இலை அசைந்தாலும் காதைத் தூக்கும்.

அன்று காலை வாலாட்டிக் குருவி ஒன்று மலைப் பக்கமிருந்து பறந்து வந்தது. "ஏறுது! ஏறுது!" என்று கத்திவிட்டு நிற்காமல் போய்விட்டது.

முயல் பக்கத்து நாவல் மரத்தடிக்கு ஓடியது. மேல்கிளையில் கிளி இருந்தது. காட்டிலேயே அதிகச் சொற்கள் தெரிந்தது தனக்குத்தான் என்று அதற்குப் பெருமை. கீழே, சோம்பேறி முள்ளம்பன்றி தன் வளை வாசலில் படுத்திருந்தது.

"கிளியண்ணா, எது ஏறுது?"

"நல்ல கேள்வி! மரத்தில் ஏறலாம். வெயில் ஏறும், வயது ஏறும், விஷம்கூட ஏறும். காளைக்கும் ஏறு என்று பெயர் உண்டு. அந்தப் பெயர் எதிலிருந்து பிறந்தது என்றால்..."

"அண்ணா, என் குட்டிகள் ஆற்றோரம் இருக்கின்றன!"

"பதறாதே. குருவியின் பேச்சே அரைகுறை. எது ஏறுகிறது என்று சொல்லும் சொல்லையே காணோம். இலக்கணத்தில் அதற்கு என்ன பெயர்? எழுவாய்! எழுவாய்!"

பாதிப் பேச்சு முயலின் காதில் விழவேயில்லை. 'எழுந்திரு' என்று விரட்டுவதாகவே நினைத்தது. துள்ளி எழுந்து ஓடியது.

"அட, நான் சொன்னது அதுவல்ல!" என்று கிளி கத்தியது.

நாணல் பாதி நீருக்குள் இருந்தது. குட்டிகளின் வயிறு நனைந்துவிட்டது. முயல் ஒவ்வொன்றாகக் கவ்விப் பாறை மேட்டுக்குக் கொண்டுபோனது. மூன்றாவது குட்டியைத் தூக்கும்போது நீர் அதன் கழுத்தைத் தொட்டது.

மூச்சிரைக்க மறுபடியும் நாவல் மரத்துக்கு வந்தது. அங்கே கிளி முள்ளம்பன்றிக்கு 'ஏறு' என்ற சொல்லின் பொருள்களை இன்னும் அடுக்கிக்கொண்டிருந்தது.

"ஆறு ஏறுது! ஓடிவா, முள்ளம்பன்றி அண்ணா!"

"இதோ, இந்த ஒரு பொருளையும் கேட்டுவிட்டு..."

சொல்லி முடிப்பதற்குள் வெள்ளம் வளைக்குள் புகுந்தது. உருண்டு, புரண்டு, நீர் குடித்து, உயிர் மட்டும் மிஞ்சி முள்ளம்பன்றி மேட்டுக்கு வந்து சேர்ந்தது. வளையும் போயிற்று, சேர்த்து வைத்த கிழங்கும் போயிற்று.

மாலையில் கிளி பறந்து வந்தது. அதன் காலில் ஒரு பொட்டுச் சேறில்லை.

"முயலே, எழுவாய் என்பதற்கு நீ கொண்ட பொருள் தவறு" என்றது.

முயல் குட்டிகளை நக்கித் துவட்டிக்கொண்டிருந்தது. நடுங்கிக்கொண்டிருந்த முள்ளம்பன்றிதான் வாய் திறந்தது.

"உனக்குச் சிறகு இருக்கிறது, ஐயா. எவ்வளவு நேரமும் பேசலாம். எங்களுக்கு இருப்பது கால்தான்."

நீதி: எச்சரிக்கைக் குரல் கேட்டால், சொல்லை ஆராய்ந்து நிற்காதே, எழுந்து போய்ப் பார்.