முகரக்கூடாத பூ

முன்னொரு காலத்திலே குறிஞ்சிமங்கலத்தை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவன் காதுக்கு ஆகாது. சபையில் அதைச் சொன்னவனுடைய உத்தியோகம் அன்றோடு சரி. அதனால் எதைக் கேட்டாலும் எல்லோரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்கள். அதையெல்லாம் சரிக்கட்டியே அமைச்சர் கூத்தபிரானுக்கு முதுகு வளைந்துவிட்டது. ஓய்வு கேட்டுக் கேட்டு வாயும் ஓய்ந்துவிட்டது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்தான். போனால் இந்தக் கூட்டத்தை யார் மேய்ப்பது?

ஒருமுறை இளவரசி காய்ச்சலில் படுத்தாள். மலைக்கோயிலில் வேண்டிக்கொண்டு திரும்பிய ராஜா, வழியில் குட்டிக் குடை விரித்தாற்போல் வெள்ளைப் பூப்பூத்த ஒரு செடியைக் கண்டான். சாமி காட்டிய மருந்தென்று வேரோடு பிடுங்கிச் சபைக்குக் கொண்டுவந்து, "இது என்ன செடி?" என்று கேட்டான்.

அரண்மனை வைத்தியர் மருதீசருக்கு அது என்னவென்று தெரியாது. அமைச்சர் முந்திக்கொள்வாரோ என்ற பொறாமை வேறு.

"அரசே, இது அமுதவல்லி. தெய்வ மூலிகை. நாளை பூசையில் வைத்துவிட்டு வேரை அரைத்துக் கொடுத்தால் இளவரசி எழுந்து உட்காருவார். யாரும் முகர்ந்து மட்டும் பார்க்கக்கூடாது. முகர்ந்த பூ பூசைக்கு ஆகாது."

கூத்தபிரானும் ராஜாவோடு மலைக்குப் போயிருந்தார். மான்கள் சுற்றியிருந்த புல்லையெல்லாம் மேய்ந்துவிட்டு, அந்தச் செடியில் மட்டும் வாய் வைக்காமல் விட்டிருந்ததைப் பார்த்திருந்தார். விஷமாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

"பூசையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சபையில் இரண்டு தட்டுகள் வந்தன. இரண்டிலும் இலை கிள்ளிய வெள்ளைப் பூங்கொத்து.

"வைத்தியரே, இதில் அமுதவல்லி எது? வயதாகிவிட்டது, எனக்குக் கண் சரியில்லை" என்றார் கூத்தபிரான்.

மருதீசர் தள்ளி நின்றே வலப்பக்கத் தட்டைக் காட்டினார். "இதுதான். என்ன தேஜஸ் பாருங்கள். மற்றது நஞ்சு. பார்த்தாலே தலை சுற்றுகிறது."

"அரசே, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். பாவம் வந்தால் என் தலையில்" என்றார் அமைச்சர்.

ராஜா முகர்ந்தான். "ரசத்து வாசனையாக இருக்கிறதே?"

"இரண்டும் கொத்தமல்லிதான், அரசே. மடப்பள்ளிக் கொல்லையில் கிள்ளாமல் விட்ட செடிகளில் பறித்தேன். நாம் அதை இளசிலேயே கிள்ளிவிடுகிறோம். பூத்து வைத்தியர் பார்த்ததில்லை."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் அந்த மலைச்செடி?"

"தெரியாது, அரசே."

எல்லோரும் ராஜாவின் முகத்தைப் பார்க்க, கூத்தபிரான் தொடர்ந்தார்.

"மருந்தோ விஷமோ, சத்தியமாகத் தெரியாது. தெரியாததைக் குழந்தை வாயில் ஊற்றவேண்டாம். கஞ்சி கொடுப்போம். வெளியூரிலிருந்து வேறு வைத்தியரை வரவழைப்போம்."

அமைச்சர் தடுத்திராவிட்டால் ராஜா அந்த வேரை மகளுக்குத் தன் கையாலேயே ஊட்டியிருப்பான். அந்தச் செடியை அப்போதே கொளுத்தச் சொன்னான். புதிதாக விதைத்த கொத்தமல்லி பூக்கும்வரை கொல்லைக்குத் தண்ணீர் ஊற்றும்படி மருதீசரை அனுப்பினான். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கி, இளவரசி கஞ்சிக்கு ஊறுகாய் கேட்டாள்.

"அமைச்சரே, இனி என் சபையில் யாரும் தெரியாது என்று சொல்லலாம். உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஓய்வு, அரசே. அது போதும்."

"தாராளமாக. உம்முடைய இடத்தில் யாரை வைப்பது?" ராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்து, "தெரியாது" என்றான். "தெரியும்வரை வந்துகொண்டிரும்."

கூத்தபிரான் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். காலையில் வரவேண்டுமே.