கீச்சென்று தும்மிய யானை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. இப்போதே கேட்டால் கிடைக்காது. கடைசியில்தான்!

ஒரு காட்டில் சேதி கொண்டுபோக இரண்டு கம்பெனிகள் இருந்தன. காகக் கம்பெனி கரைந்து சொல்லும். மரங்கொத்திக் கம்பெனி தட்டிச் சொல்லும். கடலை கொடுத்தால், கம்பெனியில் பங்காக ஓர் இறகு தருவார்கள். கம்பெனி பெருத்தால் இறகுக்கு மதிப்பு கூடும்.

கீறன் என்ற அணிலிடம் ஒரே ஒரு காக இறகு இருந்தது. மழைக்காலத்துக்குச் சேர்த்த கடலை பொந்து நிறைய இருந்தது.

ஒரு நாள் காலை கீறன் அண்ணாந்து பார்த்தது. காகத் தலைவரும் மரங்கொத்தித் தலைவரும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்!

"எதிரெதிர்க் கடைக்காரங்க ஆச்சே! இங்கே என்ன குசுகுசுப்பு?"

கீறனுக்கு வால் துடித்தது. அன்று அதற்குச் சளி வேறு. ஆலமரத்தடியில் போன எறும்பை எல்லாம் மறித்துக் கேட்டது.

"ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகப் போகுதாமே... ஹச்சூ... கீச்! நெஜமா?"

எறும்புகளுக்கு வேலை கிடந்தது. ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் மேலே இலைக்குள் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. எவர் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் வாலு!

கீறன் வீடு திரும்பியது. வழியில், முயல்கூட ஒளிய முடியாத ஒரு சின்னப் புதரிலிருந்து யானைக் குரல் கேட்டது.

"ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகப் போகுதாமே... ஹச்சூ... கீச்!"

"யானையாருக்கே தெரிஞ்சுபோச்சா!"

கீறன் பாதிக் கடலையை அள்ளிக்கொண்டு ஓடியது. காக இறகுகளோடு திரும்பியது.

"ஏங்க, மழைக்கு எதைத் தின்கிறது? இறகையா?" என்றாள் மனைவி வேம்பி.

"நீ சும்மா இரு! ரெண்டும் சேரட்டும், ஒரு இறகுக்கு ரெட்டிப்புக் கடலை!"

அப்போது வெளியே ஆந்தைக் குரல். "ஒண்ணாகப் போகுதாமே... ஹச்சூ... கீச்!" அடுத்து நரிக் குரல். அதற்கும் தும்மல்!

"ஐயோ பாவம், என் சளி காடு முழுக்கத் தொத்திக்கிச்சே!" என்று வருந்திக்கொண்டே கீறன் மிச்சக் கடலையையும் சுமந்து போனது. காகக் குஞ்சுகள் அதை வாங்கிய கையோடு தின்று தீர்த்தன. கீறனின் கன்னத்தில் ஒதுக்கிய ஒரு வாய்க் கடலைதான் பாக்கி.

"இதுக்கும் இறகு கொடுங்க தலைவரே! நீங்கதான் மரங்கொத்தியாரோட சேரப் போறீங்களே!"

காகத் தலைவர் விழித்தார். "நானா? என் கழுத்துல உண்ணி கடிச்சுது. அவர் மூக்குதான் நீளம், எடுத்துவிட்டார். அவ்வளவுதான்! சேர்றோம்னு யார் சொன்னது?"

"யானையார் சொன்னார்! ஆந்தையார் சொன்னார்! எல்லாருக்கும் சளி... ஹச்சூ... கீச்!"

"யானையாரும் இப்படித்தான் தும்மினாரா?"

"ஆமா, இதே மாதிரி..."

கீறனின் வாய் திறந்தபடி நின்றது. கடைசிக் கடலையும் உருண்டு விழுந்தது. யானை எங்கேயாவது கீச்சென்று தும்முமா?

தலைக்கு மேலே, இலைக்குள்ளிருந்து, கீறனின் குரலே கேட்டது.

"நெஜமா?"

தன் ஆசை கேட்ட கேள்வியையே ஊர் சொன்ன பதிலென்று நம்பிக் கையிருப்பைக் கொடுத்தவர், மழை வரும்போது இறகைத்தான் மெல்ல வேண்டும்.