நெஞ்சுக்குள்ள ஒரு மடைக்காரன்

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். கண்ணுக்கு எட்டுற தூரம் வெள்ளை. ஒரு மரம் கெடையாது, ஒரு புதர் கெடையாது. காக்கா கூட நெழலுக்கு அடுத்த ஊருக்குத்தான் போவும். ம் கொட்டு பேச்சி. கொட்டாவிய எல்லாம் அத்தை கணக்குல சேக்க மாட்டேன்.

"ம்."

அங்க உப்பு சொமக்குற முத்துக்கனின்னு ஒருத்தி. விடிஞ்சு உப்பளத்துல கால வச்சான்னா, பொழுது சாயுற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி குடிக்க மாட்டா.

"ஏன் அத்தை?"

குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்லா. ஆம்பளைக வரப்புல திரும்பி நின்னுக்கிடுவாக. பொம்பளைக்கு மறைவு எங்க இருக்கு? அதனால அங்க ஒரு பொம்பளையும் குடிக்கிறதில்ல. குடம் நெறைய தண்ணி இருக்கும். வாயக் கொப்புளிச்சுத் துப்பிட்டுப் போயிருவாக.

அப்புறம் ஒரு நாள், உச்சி வெயில்ல, தெக்க கருகருன்னு மேகம் ஏறுது. வேலைய மேய்க்கிற கங்காணி மூக்காலயே பேசுவாரு, "மழைக்கு முன்ன உப்ப மேட்டுல ஏத்துங்கம்மாஆஆ. கரைஞ்சா பட்ட பாடெல்லாம் போச்சும்மாஆஆ." முத்துக்கனி உப்பு அள்ளுன ஓலைப்பெட்டியத் தலையில வச்சு ஓடுறா. சரக் சரக், சரக் சரக்.

அவ நெஞ்சுக்குள்ள ஒரு மடைக்காரன் இருந்தான். வயலுக்கு முறை வச்சுத் தண்ணி திருப்புவாம்லா, அது மாதிரி இவன் ரத்தத்தத் திருப்புறவன். டப்பு டப்புன்னு வேலை செஞ்சுக்கிட்டே இருப்பான்.

அப்போ காலு தடிச்ச குரல்ல கேக்குது, "யோவ், ஓடுறது நானு. எனக்கு ரத்தம் விடு." விட்டான். ஓட ஓட ஒடம்பு கொதிக்குது. ஒடனே தோலு கீச்சுக் குரல்ல, "அண்ணே, சூட்ட வெளிய தள்ளுறது நான்தானே? எனக்கும் விடுங்க. வேர்வை காத்துல காயும்போது சூட்டையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

இருக்கிறது ஒரே வாய்க்கா. மொதல்ல வயித்தோட பங்கக் கொறச்சான். வயிறு முனகுச்சு, "அப்போ எனக்கு?" "கஞ்சி பொறவு செமிக்கட்டும், சும்மா கெட." முத்துக்கனிக்குக் கொமட்டிக்கிட்டு வந்துது. ஓடுறா.

அப்புறம் வேர்வை ஊத்த ஊத்த வாய்க்கா வத்துது. குடிச்சாத்தான ஊறும்? ஒரு தடவைக்கு அள்ளுற தண்ணி கொறச்சல்னு ரெண்டாவதா வேகத்தக் கூட்டுனான். டப்டப்டப்டப். ஓடுறா.

அப்புறமும் வத்துது. மூணாவதா, மனசே இல்லாம தோலோட மடையப் பாதி சாத்துனான். "அண்ணே, சூடு உள்ளயே நிக்கும்ணே." "தெரியும் தாயி. தலை மேட்டு வயலாப் போச்சு. அங்க ரத்தம் ஏற மாட்டேங்கு."

இது எதுவும் தெரியாம அவ, இன்னும் ஒரு பெட்டி, ஒரே பெட்டின்னு ஓடுறா. தூங்கிட்டியா?

"இல்ல. அவ செத்துருவாளா?"

மடைக்காரனுக்கும் அதே பயந்தான். மேட்டு வயலுக்குத் தண்ணி ஏறல. அப்போ என்ன ஆச்சு? வயலே பள்ளத்துக்கு எறங்கிட்டு. பொத்து. விழுந்துட்டா. படுத்த ஒடம்புல மேடு ஏது? தலைக்கு ரத்தம் சலசலன்னு போச்சு.

கூட வேலை செய்யுற சின்னத்தாயி ஓடி வந்து, "ஏளா எந்திரி, மழை வருது"ன்னு தூக்கி நிறுத்துனா. மறுபடியும் பொத்து. அப்போதான் அவளுக்கு விளங்குச்சு. படுக்க வச்சா. கால வெறும் பெட்டி மேல தூக்கி வச்சா. முந்தானைய நனைச்சு மேல போட்டு, விசிறுனா, விசிறுனா. கொஞ்ச நேரங்கழிச்சு முத்துக்கனி கண்ணத் தொறந்தா.

சின்னத்தாயி சொம்புல தண்ணி நீட்டுனா. இவ தலைய ஆட்டுறா. "வேண்டாம்க்கா. பொழுது இன்னும் கெடக்குல்லா."

சின்னத்தாயி சொம்பக் கீழ வச்சா. சுத்திமுத்தும் பாத்தா. எங்க பாத்தாலும் வெள்ளை. உப்பு மேட்ட மூடுறதுக்கு ஓலை அடுக்கியிருந்துது. நேரா போயி அத உருவுனா. மத்தவளுக பாத்தாளுக, கம்பத் தூக்கிட்டு வந்தாளுக. நாலு கம்பு நட்டு, சுத்தி மறைவா ஓலையக் கட்டுறாளுக.

கங்காணி ஓடி வாராரு. "உப்ப மூடுற ஓலைம்மாஆஆ. மழை வருது, என்னத்தக் கட்டுறீக?"

சின்னத்தாயி திரும்பிக் கூடப் பாக்கல. "முத்துக்கனிக்குத் தண்ணி குடுக்குறோம்."

அந்த மனுசன் ஓலை மறைவுக்கு முதுகக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டாரு.

அப்புறம் முத்துக்கனி ஒக்காந்து, கொஞ்சங் கொஞ்சமாக் குடிச்சா. மடக்கு. மடக்கு. சின்னத்தாயி குடிச்சா. எல்லாரும் குடிச்சாளுக. மழை வந்து பாதி உப்பக் கரைச்சுட்டுப் போச்சு. உள்ள மடைக்காரன் ஒவ்வொரு மடையாத் தொறந்து விட்டுட்டு, மெதுவா, டப்பு... டப்பு...

"ம்..."

கதை கண்ணசந்துட்டு. நீயும் கண்ணசரு.