வாய்க்கால் பாலத்துச் சத்தம்

“அந்தச் சத்தம் வரலை,” என்றாள் காந்திமதி டீச்சர்.

பட்டறை வாசலில் புல்லட்டை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். இந்த மாதத்தில் இது நான்காவது முறை.

பீர்முகம்மது நிமிரவில்லை. கையிலிருந்த ஸ்பேனரையும் கீழே வைக்கவில்லை.

“டாப்பெட் பாத்தாச்சு. கார்புரேட்டரைக் கழுவியாச்சு. பழைய சைலன்சரையே தேடிப் பிடிச்சு மாட்டியாச்சு. இதுக்கு மேல எங்கிட்ட என்ன இருக்கு டீச்சர்?”

“அதைத்தான் உங்கிட்ட கேக்க வந்திருக்கேன்.”

“எட்டாம் வகுப்புல நான் இப்படிப் பதில் சொல்லியிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பீக.”

“ஏத்தினேனே.”

“ஏத்தினீக. அங்க நின்னாத்தான் ஜன்னல் வழியா ரோடு தெரியும். சார் உங்களை இறக்கிவிட்டுட்டு இந்த வண்டியில போறதை அங்க இருந்துதான் பாப்பேன். சில நாள் வேணும்னேதான் தப்பாச் சொன்னது.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சார் என்றால் சங்கரலிங்கம். அவள் கணவர். மின்வாரியத்தில் இருந்தார். பணம் கட்டி, நாலு வருஷம் காத்திருந்து, எண்பத்திரண்டில் தென்காசி ஸ்டேஷனில் இந்த வண்டியைச் சாக்குப் பிரித்து எடுத்தார். இந்த வண்டி பிறந்தது சீமையில், அங்கே இதைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று, மெட்ராஸில் மட்டும் நிறுத்தவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி பழகியவன் இதில் ஏறினால் நிறுத்துவதற்குப் பதில் கியர் மாற்றுவான். அதனால் யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

முதல் வருஷம் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிறகு ஒரு நாள் காலையில் டீச்சர் இந்தப் பட்டறைக்கு வந்து, “எனக்கு ஓட்டக் கத்துக்குடு,” என்றாள். வயது அறுபது.

பீர்முகம்மது ஏன் என்று கேட்கவில்லை. முதல் மாதம் முழுக்கக் கிக்கரை உதைத்துக் கிளப்ப மட்டும்தான் சொல்லிக்கொடுத்தான்.

“மீட்டர் முள்ளைப் பாருங்க டீச்சர். மெதுவா மிதிங்க. முள் நடுவுக்கு வரட்டும். வந்துச்சா? இப்ப உதைங்க. அவசரப்பட்டா வண்டி உங்களை உதைச்சிரும்.”

எட்டு மாதம். தெருவே பார்த்துச் சிரித்தது. இப்போது செங்கோட்டை வரைக்கும் தனியாகப் போய் வருகிறாள்.

ஆனால் அந்தச் சத்தம் வரவில்லை. அதைக் கேட்கத்தான் அவள் ஓட்டவே பழகினாள்.

“விருதுநகர்க்காரருக்கு என்ன சொன்னீக?” என்று கேட்டான் பீர்முகம்மது.

விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் வேலை பார்க்கும் தனபாலன். போன வருஷம் இந்தத் தெரு வழியாகப் போனவர், வண்டியைக் கண்டு வாசலிலேயே அரைமணி நேரம் நின்றார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்றைக்காவது கொடுப்பதாக இருந்தால், என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். மாதம் ஒரு போன் வரும்.

“நாளைக்குச் சொல்றேன்னேன். அந்தச் சத்தம் போயிருச்சுன்னா இந்த இரும்பை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? குடுத்திருவேன்.”

“சத்தம் இருந்தா?”

“உயிர் இருக்கிற வரைக்கும் குடுக்க மாட்டேன்.”

பீர்முகம்மது ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“எங்க இருந்து கேட்டீக டீச்சர்?”

“என்னது?”

“அந்தச் சத்தத்தை.”

“வீட்டுலதான்.”

“வீட்டுல எங்க?”

“அடுப்படியில. நான் அஞ்சு மணிக்கே வந்திருவேன். அவுக வர ஏழாகும்.”

“எந்தப் பக்கமா வருவாக?”

“வாய்க்கால் பாலத்துப் பக்கமா.”

“பாலத்துல ஆக்சிலேட்டரை முறுக்குவாகளா?”

டீச்சர் யோசித்தாள். “இல்லை. பாலம் ஏறினதும் முறுக்குறதை விட்டுருவாக. அங்க இருந்து வண்டி தானா வரும்.”

பீர்முகம்மது கையைத் துடைத்துவிட்டு நீட்டினான்.

“சாவி.”

“நானும் பின்னால ஏறிக்கிடுதேன்.”

“வேண்டாம். நீங்க ஆட்டோல போங்க. போயி அடுப்படியில நில்லுங்க.”

“எதுக்குலே?”

“பெஞ்சு மேல ஏத்தும்போது நான் எதுக்குன்னு கேட்டேனா?”

டீச்சர் சாவியைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றாள். ஏழு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஏற்கெனவே கழுவிய டம்ளர்தான்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு தூரத்தில், கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியாத அளவுக்கு, ஏதோ ஒன்று. அலமாரியில் எவர்சில்வர் மூடி லேசாக நடுங்கிற்று.

வண்டி பாலம் ஏறியது. வேகம் அடங்கியது. ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாக வந்தது. எதற்கும் அவசரமில்லை. எண்ணலாம் போல இருந்தது. தெருமுனையில் ஒன்று, அரசமரத்தடியில் ஒன்று, பக்கத்து வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்று.

வாசலில் வந்து நின்றது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் தோசைக்கல் இருந்தது. எப்போது எடுத்து வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பாலத்தில் சத்தம் கேட்டதும் கல்லை வைத்தால், அவர் கால் கழுவிவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். முப்பத்தேழு வருஷத்துக் கணக்கு அது.

பீர்முகம்மது நடையில் வந்து நின்றான். வந்ததா என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினான்.

டீச்சர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பீரு.”

“சொல்லுங்க டீச்சர்.”

“ஓட்டுறவுகளுக்கு இது கேக்காது, வீட்டுல இருக்கிறவுகளுக்குத்தான் கேக்கும் போல. இத்தனை வருஷத்துல அவுக இதை ஒரு நாளாவது கேட்டிருப்பாகளா?”

அவன் கால் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான்.

முதல் தோசையை ஊற்றிவிட்டு டீச்சர் போனை எடுத்தாள்.

“தனபாலனா? நாந்தான் தென்காசி டீச்சர் பேசுதேன்.”

“அம்மா! சொல்லுங்கம்மா.”

“வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?”

“ஏழு, ஏழரை ஆகும்மா.”

“அப்ப வீட்டுல யார் இருப்பா?”

“என் வீட்டுக்காரி இருப்பா. ஏம்மா?”

டீச்சர் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“உங்க தெருவுக்கு முன்னால பாலம் ஏதும் இருக்கா?”

“பாலமா?” அவருக்குக் குழப்பமாக இருந்தது. “பாலம் இல்லைம்மா. ரயில்வே கேட்டு ஒண்ணு இருக்கு. அதுல எப்பவும் மெதுவாத்தான் வரணும்.”

“அது போதும்,” என்றாள் டீச்சர். “வந்து எடுத்துக்கிடுங்க.”