மூன்று முறை கேட்டார்கள்

கொற்றிக்குத்தான் அநியாயம் நடந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கண்டல்துறை மன்றத்து ஓலையில் இப்படி எழுதவில்லை. "கொற்றி என்னும் வலைஞர் பெண், தன் முழுச் சம்மதத்துடன், கழிமுகத்துப் பூதத்துக்கு அளிக்கப்பட்டாள்" என்றுதான் எழுதியிருந்தது.

கொற்றிக்குக் காது கேட்கும். பேச்சு மட்டும் பிறவியிலிருந்தே வராது.

வணிகர்கள் மட்டும் உட்காரும் மன்றம் அது. கதவைச் சாத்திவிட்டு, அவளை நடுவில் நிறுத்தி மூன்று முறை கேட்டார்கள். "பூதத்திடம் போக உனக்குச் சம்மதம் இல்லையென்றால் வாய் திறந்து சொல். சம்மதமென்றால் பேசாமல் இரு."

விகாரையில் பிக்குகள் கூடி முடிவெடுக்கும்போது கேட்கிற முறை அது. பேசாதவர் ஒப்புக்கொண்டவர். வணிகர்களுக்கு அது பிடித்துப்போய், மன்றத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று முறையும் கொற்றி பேசவில்லை. எப்படிப் பேசுவாள்? ஆனால் அந்தக் கேள்வியை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

பூதத்தின் கதை ஊருக்கே தெரிந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தில் அது குடியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மணலைத் திரட்டி வழியை அடைக்கும். ஓர் ஆளைக் கொடுத்தால்தான் கலங்களை உள்ளே விடும். இழுத்துக்கொண்டு போகாது, சம்மதித்து வருகிற ஆள்தான் வேண்டும். வந்தவரைச் சேற்றில் நிறுத்தும். அமாவாசை ஏற்றத்தில் தண்ணீர் மேலேறும்போது அவர் கண்டல் மரமாகி அங்கேயே வேர் விட்டுவிடுவார்.

கொற்றிக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் தம்பி இல்லை. இப்படி நாதியற்று, வணிகர் முன் வாய் திறக்க அஞ்சுகிறவர்களைத்தான் மன்றம் ஆண்டுதோறும் பிடிக்கும். ஆகவே கொற்றி.

மன்றத்தில் அவளைக் கேட்டவர் பிக்கு சீலநந்தி. வயது அறுபத்திரண்டு. எட்டு மொழி தெரியும். குரல் கணீரென்று இருக்கும் என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள், அமாவாசையன்று காலையில், படகுத்துறைக்கு நடந்தார்.

அங்கே பிக்குணி பொலங்கொடி காவி நிறத் துவராடையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு தோணியின் ஓரத்தில் பிசின் பூசிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தெட்டு. துறவு பூணும் முன் கடற்கொள்ளைக்காரர் படகில் துடுப்புப் போட்டவள். விகாரையில் அவள் பேரைச் சொல்வதற்கு முன்பு எல்லாரும் ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

"அடிகளே" என்றார் சீலநந்தி.

பொலங்கொடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"என்னையா? விகாரையில் என்னை இப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான். என்ன ஆயிற்று, பெரியவரே?"

சொன்னார்.

"முறையில் ஒரு பிழையும் இல்லை. சொல்லுக்குச் சொல் சரியாகக் கேட்டேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை. ஏன்?"

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"எட்டு மொழி தெரியும், நீச்சல் தெரியாது. ரொம்ப நல்லது. ஏறுங்கள்."

"நான் கேட்டதற்குப் பதில்?"

"ஏற்றம் நண்பகலில். பதில் காத்திருக்கும். கொற்றியால் முடியாது."

"பிக்குணியிடம் ஒரு பிக்கு பாடம் கேட்கும் வழக்கம் சங்கத்தில் இல்லை..."

"பேச்சு வராதவளிடம் வாய் திறந்து சொல் என்று கேட்கும் வழக்கம் மட்டும் இருக்கிறதோ?"

சீலநந்தி ஏறினார்.

தோணியில் பெரிய பானை ஒன்று இருந்தது. உள்ளே கருப்பட்டிப் பாகில் தேங்காய் போட்டு இறுக்கிய உருண்டைகள். கொற்றிக்காக வலைஞர் தெருப் பெண்கள் விடியலிலேயே கிண்டிக் கொடுத்தது. பொலங்கொடி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம். பல்லில் ஒட்டிக்கொண்டால் அரை நாழிகைக்கு வாயைத் திறக்க முடியாது."

"ஆமாம்" என்று பானையை மூடிவைத்தாள்.

அரைக் காதம் போனதும் தண்ணீர் பிளந்து ஒரு மகரம் எழுந்தது. துதிக்கை யானையுடையது, பல் முதலையுடையது. சீலநந்தி எட்டு மொழியிலும் அலறினார். பொலங்கொடி எழுந்து நின்று, துடுப்பைச் சுழற்றி, அதன் மூக்கில் ஒரு போடு போட்டாள். மகரம் தும்மிவிட்டு முங்கிப் போனது.

"கொல்லாமை நோன்பு ஏற்றவர் நீங்கள்!"

"கொன்றேனா? தட்டினேன். போன மாதமும் தட்டினேன். அதற்குப் பழகிவிட்டது."

கழிமுகம் நெருங்கியது. காற்றும் அலையும் சேர்ந்து இரைந்தன. பொலங்கொடி தோணி முனையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீலநந்தி துடுப்புப் போட்டார். திடீரென்று அவள் திரும்பி, இரண்டு கைகளையும் சேர்த்துத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

சீலநந்தி நெகிழ்ந்துபோனார். புனிதமான இடம் போலிருக்கிறது என்று நினைத்தார். தலை வணங்கிவிட்டு இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டார்.

தோணி மணல் திட்டில் மோதியது. அவர் தண்ணீரில் விழுந்தார். பொலங்கொடி அவரை ஆடையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். தண்ணீர் இடுப்பளவுதான்.

"நிறுத்து என்றேனே!"

"எப்போது சொன்னீர்கள்? கும்பிட்டீர்கள்."

"யாரை? இந்த மணலையா? இந்தச் சத்தத்தில் யார் வாயால் பேசுவார்கள், பெரியவரே! இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்து. இந்தக் கரையில் வலை இழுக்கிற எல்லாருக்கும் தெரியும்."

சீலநந்தி அசையாமல் நின்றார்.

"அடிகளே."

"என்ன?"

"மன்றத்தில் கொற்றி மூன்று முறையும் என்னைக் கும்பிட்டாள்."

பொலங்கொடி பிடித்திருந்த ஆடையை விட்டாள்.

"எவ்வளவு அடக்கமான பெண் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்."

அவள் தோணியைத் தள்ளி விடுவித்தாள். அவர் ஏறிக்கொண்டார். அதன்பின் துடுப்புப் போட்டபோது அவர் கண்கள் அவள் கைகளை விட்டு நகரவில்லை.

பூதம் சேற்றில் உட்கார்ந்திருந்தது, ஒரு வைக்கோற்போர் அளவுக்கு. அதைச் சுற்றி நாற்பத்தொரு கண்டல் மரங்கள். நாற்பத்திரண்டாவது இடத்தில் கொற்றி. பாதத்தில் பட்டை ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது. தோணியைப் பார்த்ததும் அவள் கைகளைச் சேர்த்துத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

"நிறுத்து!" என்று சீலநந்தி பூதத்தைப் பார்த்துக் கத்தினார்.

பூதம் திரும்பியது.

"நீயா, மொட்டை? மூன்று முறை கேட்டதும் நீதானே? உன் குரல் இங்கே வரைக்கும் கேட்டது."

"அவள் சம்மதிக்கவில்லை."

"மறுத்தாளா?"

"மறுத்தாள்."

"வாயாலா?"

சீலநந்தி பொலங்கொடியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதோ பார், நான் ஒன்றும் அநியாயக்காரன் இல்லை" என்றது பூதம். "நாற்பத்திரண்டு வருஷமாக உங்கள் விகாரையைக் காது கொடுத்துக் கேட்கிறேன். மறுத்தவர்கள் பக்கம் என் நிழல்கூடப் படாது. பேசாதவர் ஒப்புக்கொண்டவர். முறையென்றால் முறை."

"முறையென்றால் முறைதான், பூதத்தாரே" என்றாள் பொலங்கொடி. "ஏற்றம் முழுதாக வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்? கொஞ்சம் இனிப்புச் சாப்பிடுங்கள்."

"பிச்சைக்காரி எனக்குப் பிச்சை போடுகிறாளா!" பூதம் சிரித்தது. பிறகு குரல் கொஞ்சம் தழைந்தது. "எனக்குத் தின்ன ஒருவரும் எதுவும் கொண்டுவந்ததில்லை."

வாயைத் திறந்தது. பொலங்கொடி பானையைக் கவிழ்த்தாள்.

பூதம் ஒருமுறை மென்றது. கண்ணை மூடி ரசித்தது. இரண்டாம் முறை மெல்லப் பார்த்தது. முடியவில்லை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்ந்து நின்றுவிட்டன.

"பெரியவரே, குரல் நன்றாக இருக்கிறதா?" என்றாள் பொலங்கொடி. "கேளுங்கள். முறைப்படி."

சீலநந்திக்குப் புரிய ஒரு கணம்தான் பிடித்தது.

"கழிமுகத்துப் பூதமே! கொற்றியைத் திருப்பி அனுப்ப உனக்குச் சம்மதம் இல்லையென்றால் வாய் திறந்து சொல். சம்மதமென்றால் பேசாமல் இரு."

"ம்ம்! ம்ம்!" என்றது பூதம்.

"ம் என்றால் என்ன, பெரியவரே? உங்களுக்கு எட்டு மொழி தெரியுமே."

"மற்ற ஏழு மொழியையும் விடுங்கள். தமிழில் ஆமாம்."

இரண்டாம் முறை கேட்டார். பூதம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியது.

"கையை ஆட்டுகிறதே..." சீலநந்தி தயங்கினார்.

"கும்பிடுகிறார். எவ்வளவு அடக்கமான பூதம்!"

சீலநந்தியின் முகம் வெளுத்தது. அந்த முகத்தோடுதான் மூன்றாம் முறையும் கேட்டார். முடிந்தது.

தண்ணீர் கொற்றியின் தொடையைத் தொட்டபோது பூதம் இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்து இழுத்து வாயைப் பிரித்துவிட்டது.

"அநியாயம்! மோசடி! என் வாய் ஒட்டிக்கொண்டிருந்தது! கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றேன்! பார்த்தீர்கள்! இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்!"

அப்போது ஆட்டியதுபோலவே கைகளை மறுபடியும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது.

பூதத்தின் கைகள் தூக்கியபடியே நின்றுவிட்டன. அது கொற்றியைப் பார்த்தது. அவள் கைகளும் இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தன.

பிறகு அது மரங்களைப் பார்த்தது. ஒவ்வொன்றாக. நாற்பத்தொரு மரத்திலும் இரண்டு கிளைகள் உயர்ந்து, உச்சியில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

பூதம் சின்னக் குரலில், "எனக்கு யாருமே சொல்லவில்லையே" என்றது.

"எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள்" என்றாள் பொலங்கொடி.

பூதம் சேற்றுக்குள் கையை விட்டு, வேர் அறுந்துவிடாமல் ஒரு நாற்றைத் தூக்குவதுபோல், கொற்றியைத் தூக்கித் தோணியில் வைத்தது. பாதத்துப் பட்டை காய்ந்த சேறுபோல் உதிர்ந்தது. அவள் முதல் வேலையாகப் பூதத்தின் விரலை நறுக்கென்று கடித்தாள். பூதம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உமக்கு எதற்கு இத்தனை மரம்?" என்று கேட்டாள் பொலங்கொடி.

"என் சேறு கரைகிறது. பிடித்துவைக்க வேர் இல்லாவிட்டால் நான் கடலோடு போய்விடுவேன்."

"கண்டல் காய் நட்டால் மரம் வருமே. ஆள் நட்டுத்தானா வர வேண்டும்?"

"யார் வந்து நடுவார்கள்?"

"கேட்டுப் பாரும். அதற்கு முன்னால் இவர்களைக் கேளும்."

பூதம் மணலை ஒதுக்கி வழிவிட்டது. பிறகு முதல் மரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது. "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டது. காத்திருந்தது. ஏற்றம் வந்து, வடிந்து, தோணி கிளம்பும்போதும் காத்துக்கொண்டே இருந்தது. அந்த மரத்தின் பட்டைக்குள் ஒரு விரல் அசைந்ததைக் கொற்றிதான் முதலில் பார்த்தாள்.

மறுநாள் காலை மன்றம் கூடியது. சாத்தப்போன கதவுக்கு நடுவில் பொலங்கொடி துடுப்பைச் செருகிவைத்தாள். வலைஞர் தெரு முழுவதும் உள்ளே வந்து நின்றது.

மன்றத் தலைவருக்கு வேலை சட்டென்று முடிய வேண்டும்.

"கொற்றி திரும்பிவிட்டாள். வழியும் திறந்துவிட்டது. யாருக்கும் நஷ்டம் இல்லை. 'கொற்றி இந்த ஊரை மன்னித்தாள்' என்று எழுதி ஓலையைக் கட்டிவிடலாம். சீலநந்தி அடிகள் முறைப்படி மூன்று முறை கேட்கட்டும்."

சீலநந்தி எழுந்தார்.

"கொற்றி, இந்த ஊரை மன்னிக்க உனக்குச் சம்மதமா?"

"மீதியையும் சொல்லுங்கள், அடிகளே" என்றார் தலைவர். "பேசாமல் இருந்தால்..."

"மீதி கிடையாது."

இருக்கையை விட்டு இறங்கி வந்தார். கொற்றிக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார். அவள் கைகளைப் பார்த்தார்.

கைகள் அசைந்தன. மீன் துள்ளுகிற வேகம். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கதவுப் பக்கம் திரும்பினார்.

"அடிகளே, என்ன சொல்கிறாள்?"

பொலங்கொடி தன் வாயைச் சுட்டிக் காட்டினாள். கன்னம் உப்பியிருந்தது. பானையின் அடியில் மிஞ்சியிருந்த கடைசி உருண்டை. வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. வலைஞர் பெண் ஒருத்தி "நான் சொல்கிறேன்" என்று முன்னால் வந்தாள். பொலங்கொடி அவள் தோளில் கைவைத்து நிறுத்தினாள். பிறகு கொற்றியை நோக்கிக் கை நீட்டினாள்.

சீலநந்தி மறுபடியும் கொற்றியிடம் திரும்பினார்.

"இன்னொரு முறை, அம்மா."

இந்த முறை கைகள் கொஞ்சம் மெதுவாக வந்தன. உள்ளங்கை தண்ணீரைத் தள்ளுவதுபோல் தள்ளியது.

"இல்லை என்கிறாள்" என்றார்.

மன்றம் முணுமுணுத்தது. தலைவர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். "பார்த்தீர்களா, அடிகளே! இதற்குத்தான் மீதியையும்..."

"பொறுங்கள். அவள் இன்னும் முடிக்கவில்லை. நான்தான் தவறவிட்டுவிட்டேன். இன்னொரு முறை, அம்மா."

கொற்றி அவருடைய கைகளையே பிடித்தாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள். அலை ஒன்று வந்து, திரும்பிப் போய், மறுபடியும் வருவதுபோல் அசைத்துக் காட்டினாள்.

சீலநந்தி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கணீர்க் குரல் இல்லாமல், மெல்லச் சொன்னார்.

"'இன்னும் இல்லை' என்கிறாள். 'கேட்டுக்கொண்டே இருங்கள்.'"