படுக்கையில் கிடந்த அரிசி

காட்டுக் குளத்தின் கரையில் சடைச்சி என்ற கரடி இரண்டு பூனைகளை வளர்த்துவந்தது. ஒன்று லட்டு, பெயருக்கேற்ற உருண்டை. இன்னொன்று பஞ்சு. தட்டில் விழுந்ததையெல்லாம் தின்றும் எலும்பும் தோலுமாக இருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

ஒரு காலை பூனைகளின் புல்படுக்கையை உதறப்போன சடைச்சி திடுக்கிட்டது. பஞ்சு படுத்த இடத்தில் வெள்ளை வெள்ளையாய் அரிசி!

“அடப்பாவி! என் பானையிலேயே கை வைக்கிறியா?”

“சத்தியமா நான் எடுக்கலைம்மா!”

“அப்போ அரிசிக்குக் கால் முளைச்சு நடந்து வந்துச்சா?”

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. சடைச்சியிடம் மிஞ்சியிருந்தது கொஞ்சம் மூங்கிலரிசியும் ஒரே ஒரு தேனடையும்தான். பாவம், அந்த வயிற்றெரிச்சலில் பஞ்சுவின் தட்டைக் கவிழ்த்துவைத்தது. “இன்னிக்கு உனக்குச் சோறு கிடையாது!”

பஞ்சு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது.

மதியம் அந்தப் படுக்கைக்கு ஓர் எறும்பு வந்தது. ஆசையாய் ஓர் அரிசியைத் தூக்கியது. உடனே தொப்பென்று போட்டுவிட்டு ஓடியது.

“என்ன, அரிசியை விட்டுட்டு ஓடுறே? உடம்பு சரியில்லையா?” என்று சிரித்தது சடைச்சி.

“எனக்கென்ன கேடு? உன் அரிசிதான் நெளியுதக்கா!”

சடைச்சி குனிந்து பார்த்தது. ஒரு மணி மெல்லச் சுருங்கி நீண்டது. பஞ்சுவின் வாலடியிலும் ஒன்று ஒட்டியிருந்தது. அத்தனையும் வயிற்றுப் பூச்சி! நோயில் கிடந்த பிள்ளையைத் திருடன் என்று பட்டினி போட்டோமே என்று சடைச்சிக்கு நெஞ்சு பதறியது.

வைத்தியர் முள்ளம்பன்றியிடம் போகலாம். ஆனால் போன வருஷம் சடைச்சி தனக்குப் பூச்சி மருந்து வாங்கியபோது ஒரு முழுத் தேனடையைக் கொடுத்திருந்தது. “நமக்குக் கட்டாது” என்று முணுமுணுத்துக்கொண்டே, அந்த மருந்தில் மிஞ்சிய உருண்டையைத் தேடி எடுத்தது. பாதியாக உடைத்தது.

“வாயைத் திற, பஞ்சு!”

காலையில் பட்டினி போட்ட கை என்றும் பார்க்காமல் பஞ்சு வாயைத் திறந்தது. அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் சடைச்சி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. காலையில் ஒரு தப்பு செய்தாயிற்று, இதுவும் தப்பாகிவிட்டால்? உருண்டையைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சுவையும் இருந்த ஒரே தேனடையையும் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடியது. லட்டுவும் பின்னால் உருண்டு வந்தது.

“கரடி மருந்தைப் பூனைக்கா? நல்லவேளை, கொடுக்கலை! உயிரே போயிருக்கும்!” என்று அலறினார் வைத்தியர். இரண்டு பூனைகளையும் தராசில் நிறுத்தார்.

“லட்டு நல்லாத்தானே இருக்கு! அதுக்கு எதுக்கு?”

“ரெண்டும் ஒரே படுக்கை. உடம்புல ஓடுற தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குறப்போதான் இந்த வயித்துப் பூச்சி உள்ளே போகுது. ஒண்ணுக்கு மட்டும் கொடுத்துட்டு, மறுபடி மறுபடி செலவு பண்ணப்போறியா?”

சடைச்சி தயங்கித் தயங்கித் தேனடையை நீட்டியது.

“இவ்வளவு எதுக்கு? எடைக்குத் தக்க மருந்து, மருந்துக்குத் தக்க விலை. ரெண்டுக்கும் சேர்த்து ரெண்டு கரண்டி தேன் போதும்!”

“ரெண்டே கரண்டியா!” சடைச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டது.

மருந்து வேலை செய்தது. சடைச்சி பழைய புல்லை எரித்துப் புதுப்புல் பரப்பியது. தினமும் சீப்பு போட்டு இரண்டுக்கும் தெள்ளு எடுத்தது. அதற்குச் செலவே இல்லை. பஞ்சுவின் உடம்பில் மெல்லச் சதை பிடித்தது.

“அன்னிக்கு உன்னைத் திட்டிட்டேனே, கோபமா?” என்று ஒருநாள் சீவிக்கொண்டே கேட்டது.

“கோபமில்லைம்மா. என்ன செய்யுதுன்னு கேட்டிருந்தா, வயிறு வலிக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்” என்றது பஞ்சு.

நம்மை நம்பி இருப்பவர்களைக் குற்றம் சொல்லுமுன் கவனித்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கான செலவு கட்டாது என்று சொல்லுமுன் கேட்டுப் பார்க்க வேண்டும்.