மூன்று விரல் உப்பு

கூத்தபெருமாள் மடத்துக்கு வந்தது கோபத்தை விடுவதற்கு. வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கோபமும் கூடவே தங்கி, மடத்துச் சோற்றைத் தின்று, நன்றாக உடம்பு தேறியிருந்தது.

மடத்தை நடத்திய பிரமநாயகி அம்மா அவரைவிடப் பதினேழு வயது இளையவள். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ஆற்றங்கரை மேட்டில் பாழடைந்து கிடந்த இந்த இடத்தைப் பெருக்கி உட்கார்ந்தாள். யாரையும் வா என்று அழைத்ததில்லை. வந்த யாரையும் போ என்று சொன்னதுமில்லை. கூத்தபெருமாள் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

கோபம் தம்பி வேலாண்டிமேல். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அப்பா இறந்தபோது கூத்தபெருமாள் நாக்பூரில் லாரியோடு நின்றார். நான் வரும்வரை எடுக்கக் கூடாது என்று போனில் சொல்லிவிட்டு, கண் மூடாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். ஊர் எல்லையில் திரும்பும்போதே புகை தெரிந்தது. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் வைத்து முடித்திருந்தான். ஒரு மணி நேரம்தான் பிந்தியிருந்தார்.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் கேட்டார். "உப்புப் போட்டுத்தான் சோறு திங்குதீரா? ஒம்ம அப்பனுக்கு இன்னொருத்தன் கொள்ளி வைக்கான், நீரு பாத்துக்கிட்டு நிக்கீரு?"

அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே கிடந்து புளித்தது. கடைசியில், ரோஷம் உப்பில்தான் இருக்கிறதென்றால் உப்பையே விட்டுவிடலாம் என்று முடிவுகட்டினார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உப்பில்லாச் சோறு. அம்மாவிடம் சொன்னபோது அவள், "அப்படியா?" என்றாள்.

முப்பத்தேழாம் நாள் ஆற்றில் வெள்ளம் வந்தது. கீழத்தெருக்காரர்கள் சட்டி பானையோடு மேடேறி மடத்துக்கு வந்தார்கள். முப்பத்தொன்பதாம் நாள் காலையில் ஆறு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. ரோடு தண்ணீருக்குள் கிடந்தது. படகு நாளைக் காலையில்தான் என்றார்கள். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்க அம்மாவிடம் இருந்த பவுடர் பொட்டலங்கள் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துபோயின.

கூடத்தில் வரிசையாகக் கிடந்த ஆறு பேரில் ஆறாவது ஆள் வேலாண்டி.

"அம்மா, அவனை உள்ள விடக் கூடாது."

"எவரை?"

"என் தம்பியை."

"விட்டாச்சே."

"வெளிய அனுப்புங்க."

"எங்க? ஆத்துக்கா?"

"ஆத்துக்கே போகட்டும்."

"சரி. நடக்கிற அளவுக்கு முதல்ல தேத்துங்க. அப்புறம் அனுப்பிக்கிடலாம். அவரு உங்க பொறுப்பு."

"நானா?"

"மத்தவங்களுக்கு வேற ஆளு இருக்கு."

ஒரு செம்பு காய்ச்சி ஆறிய தண்ணீரில் மூன்று விரல் நுனியால் அள்ளிய உப்பு, ஒரு சிறு கை சர்க்கரை. நாக்கில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. அம்மா செய்து காட்டினாள்.

கூத்தபெருமாளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. "தாகம்னா தண்ணி குடுக்கணும். எதுக்கு இந்தப் பாயசம்?"

"வெறும் தண்ணி அப்படியே வெளிய போயிரும். குடல் சுவரு இப்ப அதைச் சரியா வாங்காது."

"சுவரு எப்படி வாங்கும்?"

"அதுல ஒரு வாசல் இருக்கு. உப்பு தனியா வந்தா அது திறக்காது. சர்க்கரை தனியா வந்தாலும் திறக்காது. ரெண்டும் ஜோடியா வந்தா உள்ள விடும். தண்ணி அதுக பின்னாலயே போயிரும்."

"கண்டவனுக்கும் வாசலைத் திறக்கிறது இங்கதான்னு நினைச்சேன். அங்கயுமா?"

அம்மா அடுத்த பாய்க்குப் போய்விட்டாள்.

அவர் சமையல்கட்டில் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கிக் கொண்டுபோனார். வேலாண்டியின் தலையைத் தூக்கி உதட்டில் வைத்தார். தலை என்று நினைக்காமல், ஒரு மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

"அண்ணே, கரிக்கு."

ஒன்பது வருஷத்தில் தம்பி அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கரிக்கா? துரைக்கு எளநி சீவிக் கொண்டாரவா?"

"சத்தியமா கரிக்குண்ணே."

"ஒன் சத்தியம் எனக்குத் தெரியும். குடி."

குடித்தான். கொஞ்சம் வெளியே வந்தது. மிச்சம் கீழே போனது. அவர் மறுபடி கலக்கினார். இரண்டு மணி நேரத்தில் மூன்று செம்பு. மற்ற ஐந்து பேரும் கண் திறந்து ஆளை அடையாளம் கண்டு பேச ஆரம்பித்தார்கள். வேலாண்டியின் கண்கள் மட்டும் குழிக்குள் இறங்கிக்கொண்டே போயின.

அம்மா வந்து அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் மடிப்பாக அப்படியே நின்றது.

செம்பில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் மொத்தத்தையும் மழையில் கொட்டினாள்.

"கூத்தபெருமாள்."

அண்ணாச்சி இல்லை. வெறும் பெயர். இரண்டு வருஷத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தண்ணி எதுல எடுத்தீங்க?"

"சமையல்கட்டுப் பானையில."

மடத்துச் சமையலைப் பார்க்கும் செண்பகத்தம்மாள் அடுப்பின் முன்னாலிருந்து எழுந்து வந்தாள். "ஐயோ, ஆறு பேருக்கும் செம்பு செம்பாக் கலக்க முடியலைன்னு நான் பானையிலயே உப்பையும் சர்க்கரையையும் போட்டுட்டேனே. அண்ணாச்சிகிட்ட சொல்ல வந்தேன். அவரு மொகத்தைப் பாத்ததும் திரும்பிப் போயிட்டேன்."

"தெரியாம நடந்துபோச்சும்மா," என்றார் கூத்தபெருமாள்.

"பாகக்காயை அரிஞ்சு உப்புப் போட்டுப் பிசறி வச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள் அம்மா.

"தண்ணி விடும்."

"யாரு ஊத்தின தண்ணி?"

"யாரும் ஊத்தலை. காய்க்குள்ள இருக்கிற தண்ணிதான்."

"எதுக்கு வெளிய வருது?"

"வெளிய உப்பு கூடுதலா இருக்குல்லா."

"ரெண்டு மணி நேரமா உங்க தம்பியை நீங்க அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கீங்க."

அவள் விடவில்லை.

"கரிக்குன்னு அவரு சொல்லலையா?"

"சொன்னான்."

"பின்னே?"

"பொய் சொல்லுதான்னு நினைச்சேன்."

"உங்களுக்கு நாக்கு இருக்குல்லா?"

"விரதம்மா. இன்னைக்கு முப்பத்தொம்பதாம் நாள்."

அம்மாவின் முகம் சிவந்தது. அவளுக்கும் கோபம் வரும் என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"முப்பத்தொம்பது நாளா நீங்க திங்காம வச்ச உப்பையெல்லாம் ரெண்டு மணி நேரத்துல அவரு வயித்துல கொட்டியிருக்கீங்க. இந்தாங்க, இது வெறும் தண்ணி. கலக்குங்க."

கலக்கினார்.

"ருசி பாருங்க."

"நீங்க ஒரு வாய் பாத்துச் சொல்லுங்களேன்."

"மாட்டேன்."

அவள் போய்விட்டாள். கூத்தபெருமாள் செம்பும் கையுமாக நின்றார். இன்னும் ஒன்பது நாள். கூடத்தில் வேலாண்டி உதட்டை நாக்கால் தடவினான். தடவிய நாக்கிலும் ஈரம் இல்லை. அதைப் பார்த்தபடியே அவர் செம்பைச் சாய்த்து ஒரு வாய் குடித்தார்.

உப்பு என்று சொல்லவே முடியாத அளவு உப்பு. ஆனால் காய்ந்து கிடந்த நாக்கு அதைப் பிடித்துக்கொண்டது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. அதோடு கோபமும் ஊறியது. தம்பிமேல், டீக்கடையில் கேட்டவர்மேல், இந்த அம்மாமேல், இத்தனை நாளாக மண்ணைப் போல் தின்ற சோற்றின்மேல்.

பாய் ஓரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பியின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"வாயைத் திற."

ஒரு கரண்டி.

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் பொறுக்க முடியலை, இல்லையா ஒனக்கு?"

வேலாண்டி விழுங்கினான். வாந்தி வராமல் இருக்க ஒரு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி என்று அம்மா சொல்லியிருந்தாள். இரண்டு கரண்டிக்கு நடுவில் ஒரு வசவுக்குச் சரியாக இடம் இருந்தது.

"அப்பா முகத்தைக்கூட நான் பாக்கலை. விழுங்கு."

"சாம்பலைக் காட்டினே எனக்கு. சாம்பலை! திற."

"மொட்டை அடிச்சுக்கிட்டுப் பெரிய மனுஷனாட்டம் நின்னியே. அந்த மொட்டையில நாலு வச்சிருக்கணும். வழிய விடாதே, முழுங்குலே."

பக்கத்துப் பாய்க்காரர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்தார். ஒரு செம்பு முடிந்தது. அவர் எழுந்துபோய் இன்னொன்று கலக்கினார், ஒரு வாய் குடித்துப் பார்த்தார், வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டினார். மூன்றாவது செம்பில் வேலாண்டியின் உதடு நனைந்து நின்றது. அவன் பேசினான்.

"கரண்டு போயிட்டுண்ணே."

"எங்க?"

"அன்னைக்கு. ஐஸ் பெட்டி நின்னுபோச்சு. வாடை வந்திட்டு. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு அப்பாவைப் பாத்தாங்க. எனக்குத் தாங்கலை."

கரண்டி பாதி வழியில் நின்றது.

"போன்ல சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா லாரியை இன்னும் விரட்டுவே. எங்கயாவது கொண்டு மோதுவே."

"அதைச் சொல்ல ஒனக்கு ஒம்பது வருஷமாலே?"

"நீ எங்க கேட்டே? கல்லைத் தூக்கிக்கிட்டுல்லா வந்தே."

அந்தப் பதில் கூத்தபெருமாளின் கோபத்தை இன்னும் கூட்டியது.

"வாயைத் திற," என்றார்.

சாயங்காலம் மழை ஓய்ந்த நேரம். வேலாண்டி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, ஒண்ணுக்கு வருது."

காலையிலிருந்து அவனுக்கு அது வரவே இல்லை. கூத்தபெருமாள் ஒரு கையால் அவனைத் தாங்கித் தூக்கி, மறு கையால் ஒரு தகர டப்பாவைப் பிடித்தார். அதுவரைக்கும் திட்டாமல் இருந்தார். படுக்க வைத்ததும் மறுபடி ஆரம்பித்தார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

அம்மா தொட்டியில் பாய்களை அலசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விரதம் போச்சு. கோபம் போகலை. காலையில இருந்ததைவிட இப்பத்தான் கூடுதலா இருக்கு."

அவள் நிமிரவில்லை. "அவருக்கு ஒண்ணுக்குப் போச்சா?"

"போச்சு."

"என்ன நிறம்?"

அவர் டப்பாவைச் சாய்த்து, குறைந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கடும் மஞ்சள்."

"அப்ப இன்னும் பத்தாது," என்றாள் அம்மா. "அடுத்த செம்பைக் கலக்குங்க, அண்ணாச்சி."